வராத வருஷத்துக் காசு

ஓடைப்பேட்டையில் இன்னும் வராத வருஷங்களின் காசுகள் புழங்கத் தொடங்கியது எண்பத்தைந்தாம் வருஷம் ஆவணியில், ஏலக்காய் ஏலம் சூடுபிடித்து ஊரெங்கும் சில்லறை தாராளமாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில் என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அதற்கும் முன்னாலேயே வந்திருக்கும், வாங்கின காசைத் திருப்பி யார் வருஷம் பார்த்தார்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எப்படியானாலும் முதலில் பார்த்தவள் அன்னமயில்தான், அதை யாரும் மறுப்பதில்லை. மலைத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டும் குருவையாவின் மனைவி அவள். தக்காளி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை முந்தானையில் முடியும்போது, வழக்கமான ரூபாயைவிட மெலிசாக, எவர்சில்வர் மாதிரிப் பளபளத்த ஒரு ரூபாய் விரலில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் சிங்கம். மறுபக்கம் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு ஒரு கை, கூடவே 2007 என்று வருஷம்.

அவள் ஒன்றும் மலைத்துப் போகவில்லை. ஏதோ கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு அடித்த வில்லை என்று நினைத்து, திரும்பிப் போய், "இதை மாத்திக் குடு, என்னையப் பார்த்தா ஏமாந்தவ மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். "எனக்கும் ஒருத்தர் குடுத்ததுதான், நான் மட்டும் ஏமாந்தவளா?" என்ற தக்காளிக்காரி, முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்த ரூபாயில் 1998 என்று இருந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் காசு சேர்க்கிறவர் என்று ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். உரக்கடை எபநேசர். ஓட்டைக் காலணா, தாமரைப்பூ போட்ட இருபது பைசா, வளைவிளிம்பு இரண்டு பைசா என்று பிளாஸ்டிக் உறை வைத்த ஆல்பத்தில் செருகி வைத்திருந்தார். செல்லுகிற காசைச் சேர்த்தாலாவது வீடு கட்டலாம், செல்லாத காசைச் சேர்த்து இந்த மனுஷன் எந்த ராஜ்ஜியத்தில் செலவழிக்கப் போகிறார் என்று அவர் மனைவி ரூத் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். அன்னமயில் காட்டிய இரண்டு காசுகளையும் எபநேசர் வெகுநேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார், கல்லில் தட்டி ஓசை கேட்டார், பிறகு, "நல்ல காசுதாம்மா, இன்னும் அடிக்கல, அவ்வளவுதான்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு வாரத்துக்குள் எல்லார் மடியிலும் அப்படிக் காசு இருந்தது. கட்டைவிரல் காசை லாரி டிரைவர்கள் ஓசிச்சவாரி கேட்கிற காசு என்றார்கள். இரண்டு விரல் நீட்டிய இரண்டு ரூபாயைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பில் ரெண்டுக்குப் போக விரல் காட்டி எழுந்து நிற்பதை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலுவை மாதிரி இரண்டு கோடும் நாலு புள்ளியும் இருந்த காசால் கோயில் வாசலில் ஒரு சண்டை நடந்தது. அதைத் தீர்க்கப் போன இந்திப் பண்டிட்டிடம், தலையில் கோடு போட்ட ஓர் எழுத்து இருந்த இன்னொரு காசைக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டதும் சண்டை மறந்து போனது. நடுவில் வெள்ளி நிறமும் சுற்றிலும் தங்க நிறமுமாக ஒரு பத்து ரூபாய்க் காசு வந்தது, அதை மட்டும் எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டேன் என்றான். பத்து ரூபாய்க்கு எங்கேயாவது காசு இருக்குமா என்று கேட்டான். மற்றவை எல்லாம் தடையில்லாமல் ஓடின.

ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். தராசில் நிறுத்தார்கள், கள்ளக்காசு என்று ஊர்ச் சாவடியில் படித்துக் காட்டினார்கள், ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டீ குடித்தார்கள். டீக்குப் போக மீதி வாங்கிய அதிகாரி அந்தக் காசைத் திருப்பிப் பார்த்தார், பக்கத்தில் யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இப்படியாக ஓடைப்பேட்டை முழுவதும் காசு சேர்க்கத் தொடங்கியது. தீப்பெட்டியில் சேர்த்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்தார்கள், வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கமிட்டி மண்டிக்கு முன்னால் சாக்கை விரித்து, ரெண்டாயிரத்து மூணு இருக்கு, தொண்ணூத்தொம்பது வேணும் என்று கூவி மாற்றிக்கொண்டார்கள். ஏன் சேர்க்கிறாய் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மண்டிக் கணக்கர் ஒரு வருஷம்கூட விடாமல் வரிசையாக வேண்டும் என்று சேர்த்தார். சவுரிமுடிக்காரி பூப்போட்ட காசாக மட்டும் எடுத்து வைத்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாத ஒருத்தி, தனக்குப் பிள்ளை பிறந்து, அது வளர்ந்து, அதற்குக் கல்யாணம் நடக்கப்போகிற வருஷம் என்று ஒன்றைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு வருஷத்துக் காசை மட்டும் சேர்த்தாள். எத்தனை கிடைத்தாலும் போதவில்லை அவளுக்கு. அன்னமயில் மட்டும் எதையும் சேர்க்கவில்லை. வருஷம் போட்டிருக்கிற காசும் அதே உப்பைத்தான் வாங்கும் என்று சொல்லி, வந்ததை வந்த கையோடு செலவழித்தாள்.

மார்கழியில் கமிட்டி மண்டியில் மூட்டை அடுக்கு சரிந்து, சுமை தூக்கும் வீரணன் அடியில் சிக்கிச் செத்துப்போனான். எடுத்து எரித்துவிட்டு வந்த மறுநாள், அவன் பெண்டாட்டி அவனுடைய காசுப் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். எல்லாரையும்போல அவனும் ஆசையாகச் சேர்த்தவன்தான், ஆனால் அந்தப் பையில் எண்பத்தைந்தைத் தாண்டி ஒரு காசுகூட இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அவரவர் டப்பாவை அவரவர் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஒருத்தன் கைக்குத் தானாக வந்து சேருகிற காசில் எது கடைசி வருஷமோ அதுதான் அவனுக்கும் கடைசி வருஷம் என்று தை பிறப்பதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. ஆகாரம் இறங்காமல் படுத்துக் கிடந்த டீக்கடை பாப்பம்மாளுக்கு யாரோ ரெண்டாயிரத்துப் பத்தொன்பதைப் பாக்கிச் சில்லறையாகக் கொடுக்க, அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள், பத்து நாளில் கடையைத் திறந்தாள். ரெண்டாயிரத்து நாற்பத்தொன்பது வைத்திருந்த காண்ட்ராக்டர், மலைப்பாதையில் ஜீப் உருண்டு சித்திரையில் செத்தபோது ஊருக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காசு அவருக்கு வந்ததில்லை, அவர் பெண்டாட்டிக்கு வந்ததை அவர் பிடுங்கிக்கொண்டார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பின் எல்லாம் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து சட்டங்கள் உண்டாயின. மாற்றிக்கொண்டது சேராது. கேட்டு வாங்கினது சேராது. கீழே கிடந்து எடுத்தது சேராது. கடையில் ஒரு பொருளை வாங்கி, மீதியாகத் தானாக வர வேண்டும்.

காசு சேர்ப்பது ஆசையாக இருந்தது போய் நடுக்கமாக ஆனது அப்போதிருந்துதான். சில்லறை வாங்கியவர்கள் உள்ளங்கையை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள், கதவைச் சாத்திவிட்டுத் திறந்து பார்த்தார்கள். கடைக்காரர்கள், என் கையால் ஒருத்தருக்குக் குறைந்த வருஷம் போய்விட வேண்டாம் என்று பயந்து, சில்லறையைத் தட்டில் கொட்டி நீங்களே எடுங்கள் என்றார்கள். எடுத்தால் சேராது என்று இவர்கள் சண்டைக்குப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைக் கேட்ட கையோடு பெண்ணின் டப்பாவையும் கேட்டார்கள்.

அன்னமயிலுக்கு ஒரே மகள், சுகந்தி. பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. அன்னமயிலின் ஒன்றுவிட்ட தம்பி சென்றாயனுக்கு அவளைக் கட்டுவது என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்தது. அந்த வைகாசியில் நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம் என்று சென்றாயனின் வீட்டார் தட்டோடு வந்தார்கள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, சும்மா கேட்கிறதுபோல, "பாப்பாவுக்கு எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார்கள். அன்னமயிலுக்கே அது தெரியாது. அவள் தன் வீட்டில் டப்பா வைத்ததே இல்லை.

"இப்பவே பார்த்துருவோமே," என்று சிரித்துக்கொண்டே மகள் கையில் பணத்தைக் கொடுத்து சர்க்கரை வாங்க அனுப்பினாள். சுகந்தி கொண்டுவந்த மீதியில் எண்பத்தாறும் எண்பத்தேழும் இருந்தன. இன்னொரு கடைக்கு வெற்றிலை வாங்க அனுப்பினாள். எண்பத்தேழு. சோடாவுக்கு அனுப்பினாள். எண்பத்தேழு, எண்பத்து மூன்று. வந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நல்ல நாள் பார்த்துச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பும்போது தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று தொடங்கியது. விடிந்ததிலிருந்து அடையும்வரை அன்னமயில் மகளைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஊசி, நூல், கற்பூரம், எது வேண்டும் எது வேண்டாம் என்பதெல்லாம் போய், மீதி வரும்படியாக எதை வாங்கலாம் என்பதே யோசனையாகிப்போனது. வீட்டில் சோப்பும் தீப்பெட்டியும் குவிந்தன. வந்த காசை மகளிடமிருந்து வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்ப்பாள். எண்பது. எழுபத்தாறு. எண்பத்தேழு. தனக்கோ தொண்ணூற்றாறும் ரெண்டாயிரத்து நான்கும் கேட்காமலே வந்து விழுந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க, மகள் இலையில் வைக்க வேண்டியதைத் தான் எடுத்துத் தின்றுவிட்டது மாதிரி அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அவற்றை இப்போது செலவழிக்கவில்லை. டப்பாவில் போட்டாள். ஒரு டப்பா நிறைந்து இரண்டாவது டப்பா வந்தது.

குருவையா ஒருநாள் கத்தினான். "ஏ புள்ள, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அது வயசுப் பிள்ளை. தெருத்தெருவா அலையவிட்டு அது மூஞ்சியப் பாரு, எப்படி இருக்குன்னு."

"அதனாலதான் அலையவிடறேன்," என்றாள் அன்னமயில்.

சுகந்தி பையை எடுத்துக்கொண்டு போவாள், வருவாள், உள்ளங்கையைத் திறந்து காட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். கல்யாணம் நின்றதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அன்னமயில் எபநேசரிடம் போனாள். உரக்கடையில் யூரியா வாடைக்கு நடுவே மேஜையில் ஆல்பத்தை விரித்து வைத்திருந்தார் அவர். முன்னைப்போல் இல்லாமல் கண்கள் உள்ளே போயிருந்தன. காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா ஒன்றைக் காட்டினார். எண்பத்தெட்டு என்று அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் அன்னமயிலுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, இதை எனக்குத் தர வேண்டாம். சுகந்தி நாளைக்கு உங்க கடைக்கு வருவா. ரோஜாச் செடிக்குப் போடக் கொஞ்சம் உரம் வாங்குவா. மீதி குடுக்கும்போது இதையும் சேர்த்து அவ கையில குடுத்துருங்க. அவளுக்குத் தெரியக்கூடாது."

எபநேசர் அவளைப் பார்த்தார். "குடுக்கறேன் தாயி. ஆனா உனக்குத் தெரியுமே?"

"தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா அது ஒட்டாதும்மா. எனக்கு அந்தச் சீக்கு உண்டு, அதனால சொல்றேன். முப்பது வருஷமாச் சேர்க்கறேன். ஏன்யா இந்தச் செல்லாக்காசுன்னு எல்லாரும் கேட்பாக, ரூத்தும் கேட்பா. நான் எதாவது சிரிச்சு மழுப்பிருவேன். உள்ளது என்னன்னா, ஒரு வரிசையில ஒரு குழி காலியா இருந்தா எனக்குச் சோறு இறங்காது. தேடிக்கிட்டே இருப்பேன். அது கைக்கு வந்து அந்தக் குழியில உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உலகத்துல எல்லாம் அது அது இடத்துல இருக்கற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் தாயி. அப்புறம் அடுத்த குழி கண்ணுல பட்டுரும்."

"எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்ணே," என்றாள் அவள்.

மறுநாள் அவர் சொன்னபடி கொடுத்தார். சுகந்தி கையைத் திறந்து காட்டினாள். காண்டாமிருகத்தைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம் அன்னமயிலுக்கு மூச்சு இறங்கி வயிறுவரை போனது, மகளை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய் உலை வைப்பதற்குள் பழைய நடுக்கம் திரும்பி வந்துவிட்டது. எண்பத்தெட்டைத் தான் செய்து வைத்தோம் என்பது ஒரு பக்கம் இருக்க, அப்படியே அது சேரும் என்றாலும் எண்பத்தொன்பதுக்கு எங்கே போவது என்று மனசு ஓடத் தொடங்கியது. சுகந்தி அந்தக் காசை எடுத்துப் பார்த்துவிட்டு, "உரக்கடைக்காரர் குடுக்கும்போது அவர் கை நடுங்குச்சும்மா," என்று மட்டும் சொன்னாள்.

எண்பத்தேழு பிறந்தது. அதற்குள் ஊரில் வராத வருஷத்துக் காசுகள் அருகிப்போயிருந்தன. நின்றுபோயின என்று சொல்ல முடியாது, எல்லாரும் கண்டதும் எடுத்து ஒளித்துக்கொண்டதால் கடைகளுக்குத் திரும்பிப் போக எதுவும் மிஞ்சவில்லை. கல்லாப்பெட்டிகளில் பழைய தேய்ந்த காசுகளே கிடந்தன. சுகந்தியைக் கடைக்கு அனுப்புவதை அன்னமயில் நிறுத்தினாள். கிணற்றடிக்குப் போகவிடவில்லை, மாட்டுவண்டி வந்தால் தெருவைக் கடக்கவிடவில்லை, காய்ச்சல் கண்ட வீடு இருக்கிற தெருப்பக்கமே திரும்பவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், விடும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நாட்களில் ஜன்னல் வழியாக மகளின் தலை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தத் தலை பேப்பரின் மேல் குனியும்போதெல்லாம் மயங்கி விழுகிறாளோ என்று இவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். மாசி போனது, பங்குனி போனது, ஒவ்வொரு மாதமும் போகப் போக மிச்சமிருக்கிற மாதங்களில் சாவு நெருக்கிக்கொண்டு நிற்பதாக அவளுக்குப் பட்டது.

சுகந்தி பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். மேலே படிக்க ஓடைப்பேட்டையில் வழியில்லை. மதுரையில் விடுதியோடு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். குருவையா சந்தோஷத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து சொன்னான். அன்னமயில் முடியாது என்றாள். அடுத்த வருஷம் போகட்டும் என்றாள். அடுத்த வருஷம் இடம் இருக்காது என்றான் அவன். மூன்று மணி நேர பஸ், மலைப்பாதை, கண் காணாத ஊர், யார் தண்ணீர் தருவது, யார் பார்ப்பது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இருவரும் கத்தி ஓய்ந்தபோது, அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த சுகந்தி கையை எடுக்காமலே பேசினாள்.

"அம்மா, எனக்கு வந்துச்சும்மா."

"என்ன வந்துச்சு?"

"தொண்ணூத்தி நாலு வந்துச்சு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு ரெண்டு தரம் வந்துச்சு. ஒருதரம் ரெண்டாயிரத்து நாப்பதுகூட வந்துச்சு. உன்கிட்டக் காட்டல."

அம்மிக் குழவி நின்றது. அன்னமயில் மெதுவாக அவள் எதிரில் வந்து குந்தினாள். "எங்கடி?"

"கண்மாய்ல எறிஞ்சிட்டேன்."

"ஏண்டி?"

"மாமாவைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல. வருஷம் குறைஞ்சிருந்தா அவங்க கட்ட மாட்டாங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. கடையிலருந்து வரும்போது பெருசா இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு மத்ததை உனக்குக் குடுத்தேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. இப்பப் படிக்கவும் விட மாட்டேங்கிற."

அன்னமயில் அவள் முகத்தையே பார்த்தாள். "பொய் சொல்றே. ரெண்டாயிரத்து நாப்பது எப்படி இருந்துச்சு சொல்லு."

சுகந்தி ஒரு கணம் மசாலாவைப் பார்த்தாள். "ஏழு மூலை. நடுவுல ஒரு மீன். வாலை மடக்கிக்கிட்டு இருக்கும். கொஞ்சம் கறுப்பா, ஈய நிறம்."

இந்த ஒரு வருஷத்தில் அன்னமயில் பார்க்காத காசில்லை, ஞாயிற்றுச் சந்தையில் அவள் குனிந்து பார்க்காத சாக்கில்லை. மீன் போட்ட காசு எதிலும் இருந்ததில்லை. இப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பிள்ளையால் சொல்ல முடியாது. அவளுக்கு ஆத்திரம் வந்தது, மகளின் தோளில் இரண்டு அடி போட்டாள், பிறகு அங்கேயே அம்மி ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பிரசவம் முடிந்தவள்போல உடம்பெல்லாம் தளர்ந்து அழுதாள். குருவையா, "அதான் அது சொல்லுதுல்ல, விடு," என்றான்.

ஆனி மாதம் மகளை பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னலில் கை வைக்காதே, தலைக்கு எண்ணெய் வை, யார் என்ன கொடுத்தாலும் தின்னாதே என்றாள். சுகந்தி சரி சரி என்றாள். பஸ் கிளம்பும்போது எதையோ சொல்ல வந்தவள்போல எட்டிப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக் கையசைத்தாள்.

அந்த ஆறு மாதமும் அன்னமயில் நிம்மதியாகத் தூங்கினாள். கன்னத்தில் சதை வைத்தது. காசுச் சந்தைக்குப் போவதை விட்டாள். ஊரும் மெல்ல ஓய்ந்துவிட்டது. எண்பத்தெட்டு பிறந்து, காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசாக்கள் மெய்யாகவே அச்சாகி மற்ற ஊர்களுக்கெல்லாம் புதுசாக வந்தபோது, ஓடைப்பேட்டைக்காரர்கள் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, இது நமக்கு அப்பவே வந்த பழசு என்று சொல்லி வெற்றிலைக்குக் கொடுத்தார்கள்.

சித்திரையில் விடுமுறைக்கு சுகந்தி வந்தாள். கொஞ்சம் உயர்ந்திருந்தாள், விடுதிச் சாம்பாரைத் திட்டிக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டாள். அந்த வருஷம் மழை பொய்த்து, பெரிய கண்மாய் அடிவரை வற்றி வெடித்துக் கிடந்தது. சாப்பிட்டு முடித்ததும் அன்னமயில் ஒரு கூடையையும் களைக்கொத்தையும் எடுத்துக்கொண்டாள். "வாடி, எந்தப் பக்கம் எறிஞ்சேன்னு காட்டு. அந்த மீன் காசை நான் ஒருதரம் பார்த்துரணும். அது ஒண்ணு மட்டும் என் டப்பாவுல இல்ல."

சுகந்தி வேண்டாம் என்றாள், வெயில் என்றாள், நாளைக்குப் போகலாம் என்றாள். அன்னமயில் கேட்கவில்லை. கரையில் ஏறியதும் சுகந்தி கையைப் பொதுவாக ஒரு பக்கம் காட்டிவிட்டுப் புளியமர நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அன்னமயில் இறங்கிப் போனாள். வெடித்த சேற்றுப் பாளங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, திருப்பி, விரலால் தடவிப் பார்த்து வைத்தாள். சிப்பி கிடைத்தது, உடைந்த வளையல் கிடைத்தது. முதுகு நிமிராமல் நகர்ந்து நகர்ந்து வெகுதூரம் போனாள். "இங்கேயா, இன்னும் அங்கிட்டா?" என்று நடுவில் நின்று சந்தோஷமாகக் கத்தினாள்.

சுகந்தி எழுந்து இறங்கி வந்தாள். அம்மா பெயர்க்க இருந்த பாளத்தின் மேல் வந்து நின்றாள்.

"தேடாதம்மா. இங்க ஒண்ணும் இல்ல."

"ஏன், வேற பக்கமா?"

"எந்தப் பக்கமும் இல்ல. எனக்கு எந்தக் காசும் வரல. எண்பத்தேழுக்கு மேல ஒண்ணும் வரல, உரக்கடைக்காரர் குடுத்ததைத் தவிர."

அன்னமயில் குனிந்தபடியே இருந்தாள். "அப்ப மீன்?"

"அன்னைக்கு நம்ம வீட்ல மீன் குழம்புக்குத்தானே அரைச்சேன். வாய்ல வந்ததைச் சொன்னேன்."

அன்னமயில் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீ அந்த வருஷம் முழுக்க…"

"ஆமா. எப்படியும் போகப்போறோம், படிச்சுக்கிட்டே போகலாம்னு போனேன். ஒவ்வொரு நாளும் இன்னைக்கா இன்னைக்கான்னு இருக்கும். மார்கழி மாசம் ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

"ஏண்டி என்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

அன்னமயிலுக்கு அடிக்கக் கை வரவில்லை, அழக் கண்ணீரும் வரவில்லை. தான் நிம்மதியாகத் தூங்கிய அத்தனை நாட்களும் வரிசையாக அவள் முன்னால் வந்து நின்றன. கடைசியில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"பயம் வந்தா அங்க யாரை எழுப்பினே?"

"யாரையும் எழுப்பல," என்றாள் சுகந்தி.

அன்னமயில் எழுந்தாள். கூடையும் களைக்கொத்தும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. சேறு காய்ந்த கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், கரை ஏறினாள், மண்டித் தெரு வழியாக, கடைத்தெரு வழியாக, எல்லாரும் பார்க்கப் பார்க்க, நடை பழகுகிற பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். வீடு வரும்வரை பிடியை விடவில்லை. சுகந்தியும் கையை உருவிக்கொள்ளவில்லை.